பதில் சொல்லும் வீடு

அவள் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

கண்ணாடிப் புட்டி ஆலையிலிருந்து திரும்பியவள், மழை சொட்டும் குடையைக் கதவோரத்தில் சாய்த்துவிட்டு, குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தபடியே, ஆண்டாண்டாய்ப் பழகிப்போன கேள்வியை வீட்டுக்குள் அனுப்பினாள். “ஏங்க, கேஸ் மூடி...” அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். சமையலறையின் இருட்டுக்குள்ளிருந்து, சலிப்பும் சோம்பலும் சரிபாதி கலந்த கணவரின் குரல், “மூடியாச்சு” என்றது.

உடனே உள்ளம் இளகியது. பொங்கி எழும் பாலில் ஒரு கை குளிர்நீர் தெளித்தாற்போல் நெஞ்சின் கொதிப்பு ஒரு கணம் அடங்கியது. அடங்கிய அடுத்த கணமே அவள் தன்னை நொந்துகொண்டாள். இனிக் கேட்கமாட்டேன் என்று அன்று காலையில்தான் மருத்துவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால், படிக்கட்டில், ஈரச் செருப்பு சளக் சளக்கென்று ஏறிவரும் ஓசை கேட்டது.

“என்ன, வாசல்லயே நின்னுட்ட? நகரு, முழுசா நனைஞ்சுட்டேன்” என்று சொல்லிக்கொண்டு, தலைமுடியிலிருந்து நீர் வழிய, கணவர் வெளியிலிருந்து உள்ளே வந்தார்.

அவள் சமையலறையைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. அடுப்பு மேடையின் மீது சன்னல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அங்கே எவரும் இல்லை. எவரும் இல்லாத அந்த இடம், சற்றுமுன் பேசி முடித்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்ட முகம்போல் இருந்தது.

அவரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய வீடா அது?

ஆலையில் அவள் பெயர் பூதக்கண்ணாடி. ஒளியூட்டிய வெள்ளைத் திரைக்கு முன்னால் மருந்துப் புட்டிகள் வரிசையாய் நகர்ந்து போகும். மயிரிழை விரிசலையும் மணல் அளவுக் குமிழியையும் அவள் கண் பிடித்துவிடும். “பூதக்கண்ணாடி பாத்தாச்சா? அப்போ பெட்டியைக் கட்டு. இதுக்கு மேல எமன் வந்து பாத்தாலும் ஓட்டை கிடைக்காது” என்பார் மேற்பார்வையாளர். அந்தக் கண்ணுக்கு ஆலையில் சம்பளம் கிடைத்தது. அதே கண்ணுக்கு வீட்டில் ஏச்சுதான் கிடைத்தது. ஆனால் குற்றம் கண்ணில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆலையில் பார்த்த புட்டி போய்விடும். வீட்டில் அடுப்பு போவதில்லை. அடுப்பின் திருகுக் குமிழை மூடிவிட்டுப் பார்ப்பாள். மூடியிருக்கிறது என்று கண் சொல்லும். கண் சொன்னதை மனம் வாங்கிக்கொள்ள மறுக்கும். மூடாமல் விட்டிருந்தால்? வாயு கசிந்து கசிந்து நிறைந்து, தூங்கும் மகளின் மூச்சில் ஏறியிருந்தால்? மறுபடி போய்ப் பார்ப்பாள். மறுபடி. குமிழைத் தொட்டுத் தொட்டு விரல்நுனி தேய்ந்து சிவந்தது. பிறகு தன் கண்ணை நம்ப முடியாமல், பிறர் வாயை நம்பத் தொடங்கினாள். கேட்கத் தொடங்கினாள்.

இது ஒரு நோய். கண்ணில் புரை விழுவதுபோல், எலும்பில் முறிவு விழுவதுபோல், மருத்துவ நூலில் இடம் பெற்ற நோய். எண்ணச் சுழற்சி நோய் என்று அதற்குப் பெயரும் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. கால் ஒடிந்தவளைக் கைத்தாங்கலாய்த் தூக்கிப் போகிறவர்கள், மனம் ஒடிந்தவளை மட்டும் கைகொட்டிச் சிரித்தார்கள். வேலை இல்லாத மனசு என்றார்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை. திமிர் என்றார்கள். கொழுப்பு என்றார்கள். வெளியில் தெரிந்தால் மானம் போகும் என்றார்கள். அவளுடைய தூக்கம் போயிற்று, தோல் போயிற்று. மானம் மட்டும் பத்திரமாக அலமாரியில் இருந்தது.

கடைசியில் மகளும் போனாள். கணவரின் தங்கை ஒருநாள் வந்து, பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணி. அன்னைக்கு ஒரு நாள் எங்க வீட்டுல தூங்கினாளே, அப்போ பாத்தேன். தூக்கத்துல ‘மூடியாச்சும்மா, மூடியாச்சும்மா’ன்னு முனகிட்டே இருக்கா. யாரு கேட்டாங்களோ, யாருக்குச் சொல்றாளோ. இதெல்லாம் ஒட்டுவாரொட்டி. குழந்தை கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்.”

“அவ எனக்குப் பதில் சொல்லிப் பழகினவ. அதான் தூக்கத்துலயும் வருது.”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றாள் நாத்தனார், பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி.

கணவர் ஊடே புகுந்து தீர்ப்புச் சொன்னார். டாக்டரிடம் போ, சரியாகிவிட்டது என்று அவர் சொல்லட்டும், மகள் திரும்பி வருவாள். ஆண்டுக்கணக்கில் அவள் கெஞ்சிக் கேட்ட மருத்துவரை, தண்டனையாக அவளுக்கு விதித்தார்கள்.

அந்த மருத்துவர் கண்டிப்பான குரலும் கனிந்த கண்களும் உடைய நடுவயதுப் பெண்மணி. மேசைக்கு அப்பால் கணவரையும் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவங்க கேஸ் மூடியாச்சான்னு கேக்கும்போது, நீங்க எழுந்து போய்ப் பாத்துட்டுச் சொல்வீங்களா?”

கணவர் சிரித்தார். ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில், பகலெல்லாம் தொலைபேசியில் பதில் சொல்வது அவருடைய பிழைப்பு. புகாரைக் கேட்கக்கூடத் தேவையில்லை; பார்த்துக்கொள்கிறோம், கவலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். “எதுக்கு டாக்டர் போய்ப் பாக்கணும்? வாய் தானாச் சொல்லிடும். நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சுட்டு இருப்பேன், அது பாட்டுக்குச் சொல்லிட்டு இருக்கும்.”

அது. அவர் தன் வாயை அப்படித்தான் சொன்னார். வீட்டில் தனியாக வளர்த்துவிட்ட ஒரு பிராணியைச் சொல்வதுபோல்.

எத்தனை இரவுகள் அந்தப் பதிலின் மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறாள். அவ்வளவும் வெறும் காற்று. ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை.

“நீங்க கொடுத்தது ஆறுதல் இல்ல சார், தீனி” என்றார் மருத்துவர். “இவங்களுக்குக் கொடுக்கல. நோய்க்குக் கொடுத்தீங்க. ஒவ்வொரு பதிலுக்கும் அது வளர்ந்துச்சு. இனிமே வீட்டுல யாரும் பதில் சொல்லக் கூடாது. மக வந்தாலும் அப்படித்தான்.” பிறகு அவளைப் பார்த்தார். “மாத்திரை தரேன். வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவுல நிறுத்தக் கூடாது. அதோட, பயிற்சி. ஒரு தடவை மூடுங்க, ஒரு தடவை பாருங்க, சமையலறையை விட்டு வந்துடுங்க. பயம் வரும். வரட்டும். திரும்பிப் போகாதீங்க, யாரையும் கேக்காதீங்க. நீங்க ஒண்ணும் செய்யாமலே ஏறின பயம் தானா இறங்கும். அதை உங்க உடம்பு ஒரு தடவை கண்டுக்கணும். நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம்.”

நான் சொல்லி நம்ப வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தாம். அவளுக்கு அங்கேயே அழுகை வந்தது. இனிக் கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்கைத்தான் அன்று மாலையே மழையோடு வந்து முறித்தாள். முறித்ததற்குத்தான் இருட்டு பதில் சொன்னது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது, கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் அதைச் சொன்னாள். மருத்துவர் சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. குரல் தலைக்குள் கேட்டதா, வெளியில் கேட்டதா, வேறு ஏதேனும் சொல்கிறதா, ஏவுகிறதா என்றெல்லாம் பொறுமையாய்க் கேட்டார். மறுபடி வந்தால் மறைக்காமல் சொல்லச் சொன்னார். கடைசியில், பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “எதிர்பார்த்து எதிர்பார்த்துக் காது தானா உண்டாக்கிக்கிறதும் உண்டு. ஆனா பதில் சொல்றது யாரா வேணா இருக்கட்டும். கேள்வி உங்களோடது. அதைக் கொடுக்காதீங்க.”

அவள் கொடுக்கவில்லை.

முதல் வாரம் நெருப்பின் மேல் நடந்தாள். மாலையில் சமைத்து முடித்ததும் குமிழைத் திருப்புவாள், ஒருமுறை பார்ப்பாள், கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொள்வாள். வியர்வை முதுகுத்தண்டில் இறங்கும். நாக்கு கேள்வியைத் தூக்கிக்கொண்டு பல்வரிசை வரை வந்து முட்டும். அந்த நேரத்தில், குழாய்க்குள் நீர் நகரும் ஓசையோடும், சன்னல் கம்பியில் காற்று உரசும் ஓசையோடும் இழைந்து, சமையலறையின் சுவருக்குப் பின்னாலிருந்து அது கேட்கும்.

மூடியாச்சு.

கேட்காமலே. வாசலில் வந்து நின்று பொருளை நீட்டும் வியாபாரியைப் போல. மூடியாச்சு. வேணுமா? மூடியாச்சு. அவருடைய குரல், அவருடைய சலிப்பு, கடைசி எழுத்தில் காற்றை இழுத்து விடும் அவருடைய பழக்கம். ஆனால் அவரோ அந்நேரம் புகார்ப் பிரிவில் இருந்தார், ஊருக்கு ஆறுதல் விற்றுக்கொண்டு.

அவள் எழவில்லை. பயம் ஏறியது, தொண்டைக்கு ஏறியது, உச்சிக்கு ஏறியது. பிறகு, மருத்துவர் சொன்னதுபோலவே, எவரும் இறக்காமல், எதுவும் செய்யாமல், மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கியபோது அவள் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றைக் கண்டுகொண்டாள். பயத்துக்கு வாசனை கிடையாது. இத்தனை ஆண்டு ஓராயிரம் தடவை நெஞ்சில் வெடித்த அந்த அடுப்பிலிருந்து, ஒருமுறைகூட வாயுவின் நாற்றம் வந்ததில்லை.

வாரங்கள் போயின. மாத்திரை தன் வேலையைச் செய்தது. அவள் தன் வேலையைச் செய்தாள். சுவர்க்குரல் மெலிந்தது. மூடியாச்சு என்பது முனகலாயிற்று, முனகல் மூச்சாயிற்று, பிறகு மூச்சும் இல்லை. விரல்நுனியில் புதுத்தோல் வளர்ந்தது. ஆலையில், “என்ன பூதக்கண்ணாடி, இப்பல்லாம் முகத்துல வெளிச்சம் தெரியுது, விளக்கை அணைச்சுடவா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒன்றை மட்டும் அவள் அப்போது நினைக்கவில்லை. தீனி நின்றால் விலங்கு சாகும் என்று நினைத்தாள். பசித்த விலங்கு வேறு கதவைத் தட்டும் என்று நினைக்கவில்லை.

மகள் வந்த மாலையிலும் மழை.

நாத்தனார் கொண்டுவந்து விட்டாள். பிள்ளை வளர்ந்திருந்தாள், பள்ளிச் சீருடையின் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “உன் கை சொரசொரன்னே இல்லம்மா” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னொரு முறை நெருப்பில் நடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“நல்லாத்தான் ஆயிட்டீங்க அண்ணி” என்றாள் நாத்தனார், மூலைமுடுக்கெல்லாம் கண்ணால் துழாவிக்கொண்டே. “ஆனா ஒண்ணு. பழையபடி ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த வண்டிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு.”

“எந்த வண்டியும் பிடிக்க வேண்டாம்” என்றாள் அவள். “பதில் சொல்லாம இருந்தீங்கன்னா போதும்.”

“கேக்கலைன்னா எதுக்கு நாங்க பதில் சொல்லப் போறோம்?” என்று கணவர் சிரிக்க, தங்கையும் சிரிக்க, இருவருமாகக் கேலியை முடித்துக்கொண்டார்கள். நாத்தனார் போனாள்.

சமையல் முடிந்தது. குமிழைத் திருப்பினாள். ஒருமுறை பார்த்தாள். வந்துவிட்டாள். மகள் தன் அறைக்குள் புத்தகங்களை அடுக்கப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் மேசையில் செய்தித்தாளை விரித்தார். அவள் கூடத்து விளக்கின் கீழ் உட்கார்ந்து, மகள் மாற்றிப்போட்ட சீருடைப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து, நீளத்தை இறக்கி, குண்டூசிகளை உதடுகளுக்கிடையே வரிசையாய்க் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாய் எடுத்துக் குத்திக்கொண்டிருந்தாள். வெளியே மழை கூரைத் தகரத்தில் ஒரே சீராகப் பெய்தது. நனைந்த சுவரின் வாசனையும், சீருடைத் துணியின் கஞ்சி வாசனையும், மகளின் கூந்தல் எண்ணெய் விட்டுப்போன மெல்லிய மணமும் கலந்து, வீடு நெடுநாளைக்குப் பிறகு வீடாக இருந்தது.

“கேஸ் மூடியாச்சா?”

சமையலறையிலிருந்து. பெண்குரல்.

அவளுடைய குரல்.

செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கணவர் சொன்னார்: “மூடியாச்சு.”

ஊசி அவள் விரலில் நின்றது. மழை நின்றதுபோல் இருந்தது. நிற்கவில்லை, அவள் காதுதான் நின்றது.

“இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருக்க முடியல, பாத்தியா” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பக்கத்தைப் புரட்டினார். “பிள்ளை வந்து ஒரு பொழுது ஆகல. நான் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்ல?”

அவள் பேசவில்லை. பேச முடியாது. உதடுகளுக்கிடையே ஊசிகள் இருந்தன. மௌனம் நீண்டதால் அவர் எரிச்சலோடு நிமிர்ந்தார். கூடத்தில், விளக்கின் நேர்கீழே உட்கார்ந்திருந்த அவளைக் கண்டார். இறுக மூடிய வாயையும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊசிகளின் வெள்ளித் தலைகளையும் கண்டார். அவர் கண்கள் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பின.

“நல்லாப் பாத்தீங்களா?” என்றது அவளுடைய குரல், அங்கிருந்து. பணிவாக. பரிதாபமாக. அவள் கேட்ட அதே கெஞ்சலோடு.

“பாத்தேன்” என்றது அவர் வாய்.

அவர் சொல்லவில்லை. வாய் சொன்னது. சொன்ன வாயை அவர் கையால் தொட்டுப் பார்த்தார்.

“நிசமாப் பாத்தீங்களா?”

“பாத்தேன். பாத்தேன்.” நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவர் எழுந்தார். “இரு, பாத்துட்டு... ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.”

போகாதீங்க என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஊசிகளைத் துப்பிவிட்டு ஓடித் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணத்தில் அவள் நெஞ்சில் எழுந்தது அச்சம் மட்டும் அன்று. ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்த ஆத்திரமும் எழுந்தது. போங்கள். ஒருநாளாவது எழுந்து போங்கள். பார்க்காமலே பார்த்தேன் என்ற வாயே, பசி தெரியாமல் தீனி போட்ட கையே, நீ வளர்த்த பிராணி கூப்பிடுகிறது, போய்ப் பார்.

அவர் போனார். குமிழ் திரும்பும் ஓசை கேட்டது. டக்.

மூடியிருந்ததை இன்னும் இறுக்கிய ஓசை.

டக்.

திறந்த ஓசை.

டக். டக். டக்.

“பாத்தேன்” என்றார் உள்ளே. “பாத்தாச்சு. இரு. இன்னொரு தடவை.”

பிறகு அது வந்தது. மெல்ல, தரையோடு தரையாக, கூடத்துக்குள். அழுகிய முட்டையும் ஈரச்சாக்கும் சேர்ந்தாற்போல் ஒரு நாற்றம். அவள் வாழ்நாளில் முதல்முறையாக. பயத்துக்கு வாசனை கிடையாது என்று படித்தவள் அவள். இது பயம் அன்று என்பதைப் படிக்க அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

ஊசிகளைத் துப்பினாள். ஓடினாள். எந்த விளக்கின் விசையையும் தொடவில்லை. கூடத்து வெளிச்சத்தில் அவர் முதுகு தெரிந்தது, தோள்கள் தெரிந்தன, குமிழைத் திருகித் திருகிச் சிவந்த விரல்கள் தெரிந்தன. அவள் மேடைக்குக் கீழே குனிந்து, சிலிண்டரின் தலையிலிருந்த ரெகுலேட்டரை அணைத்து, பிடுங்கி, குழாயோடு வெட்டியிழுத்து, சன்னலைத் திறந்து மழைக்குள் வீசினாள். மற்ற சன்னல்களையும் திறந்தாள். ஈரக்காற்று உள்ளே பாய்ந்தது. நாற்றம் கலைந்தது.

ஒருமுறை செய்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அன்று சித்தம் தெளிந்திருந்தவள், பைத்தியம் என்று அவர்கள் பெயர் வைத்தவள் ஒருத்திதான்.

“வாங்க” என்று கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். “முடிஞ்சுடுச்சு. அதுல இப்ப ஒண்ணும் இல்ல. விடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். எத்தனையோ இரவு கண்ணாடியில் அவள் பார்த்த கண்கள் அவை. “மூடியிருக்கான்னு சொல்லேன்” என்றார். “நீ பாத்துச் சொல்லேன். ஒரே ஒரு தடவை.”

அவள் உதடு திறந்தது. அந்தப் பதிலின் சுவை அவள் நாக்கில் இருந்தது. எவ்வளவு எளிது. எவ்வளவு இரக்கம்போல் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாதிருந்தாள். அவர் திரும்பிக்கொண்டார். வாயு வராத அடுப்பின் குமிழ். டக். டக்.

அப்போது, மகளின் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, தெளிவான சின்னக் குரல்:

“மூடியாச்சும்மா.”

அவள் கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

“பாத்தேம்மா. நல்லாப் பாத்தேன்.”

கூடத்தைக் கடந்தாள். மடிப்புப் பிரித்த பாவாடை தரையில் கிடந்தது. சிதறிய ஊசி ஒன்று பாதத்தில் ஏறியது. நிற்கவில்லை. கதவைத் தள்ளினாள்.

மகள் கட்டிலின் மேல், முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் மடிக்கு எதிரே உட்காருவதுபோல், கால்களை மடக்கி, முகத்தைச் சற்றே நிமிர்த்தி. பின்னல் ஒழுங்காய் முதுகில் கிடந்தது. சுவரில் நனைந்த கறை ஒன்று, ஆள் உயரத்துக்கு.

அந்தச் சுவருக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது. அவள் மகளைத் தூங்க வைக்கும்போது மட்டுமே பேசும் குரல்.

“மூடியாச்சா, கண்ணு?”

“மூடியாச்சும்மா.”

“அம்மா இங்க இருக்கேன்” என்றாள் அவள் வாசலிலிருந்து. “இங்க பாரு. பதில் சொல்லாத. என்னைப் பாரு.”

பிள்ளை திரும்பினாள். அவளைப் பார்த்தாள். பேருந்தில் எதிர் இருக்கையில் இருப்பவரைப் பார்ப்பதுபோல், மரியாதையாக, அறிமுகமில்லாமல். பிறகு சுவரிடம் திரும்பி, சற்றுப் பயந்த குரலில் கேட்டாள்:

“அம்மா, வாசல்ல யாரும்மா நிக்கிறது?”

சுவர் ஒரு மூச்சு இழுத்தது.

“யாருமில்ல, கண்ணு” என்றது. “பாத்தாச்சு.”

பிள்ளையின் தோள்கள் இளகின. அந்த இளக்கம் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு கணத்துக் குளிர்ச்சி. அதற்காக அவள் தன் விரல்களைத் தின்னக் கொடுத்திருந்தாள்.

பாய்ந்தாள். பிள்ளையை வாரி எடுத்தாள். நெஞ்சோடு இறுக்கி, உள்ளங்கையால் அந்தச் சின்ன வாயைப் பொத்தினாள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். சமையலறையில் டக், டக். திறந்த சன்னல்கள் வழியே மழை கூடத்துக்குள் பெய்தது. அவள் பிடி தளரவில்லை, பிள்ளையும் திமிறவில்லை. குரல் எழவில்லை.

அவள் கைக்குள்ளே, வெதுவெதுப்பாய், அந்த உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன.